தோல் என்னும் சொல்லும் தோலுரிக்கும் புலமையும்

சொற்களுக்குக் குலம் கற்பிக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. உயர்ந்தோர் வழக்கென்றும் இழிசனர் வழக்கென்றும் பழையோர் வகுத்த கூறுபாடு இன்று கல்விக்கூடங்களில் வேறு பெயர்களோடு உலவுகின்றது. 'நாகரிகமான சொல்', 'தோட்டத்துச் சொல்' என்பன அப்புதுப் பெயர்கள். இக்கூறுபாட்டுக்கு இரையான சொல்லொன்றை எடுத்து, அதன் பிறப்பையும் பொருள்களையும் ஆராய்ந்து, அதற்கு இழைக்கப்பட்ட அநீதி அதனை வழங்கும் மனிதரையும் தொடுமாற்றைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அச்சொல் 'தோல்'.

தோல் என்பதைச் சொல்லக் கூசும் புலவர் பலர் உளர். மேடையேறினால் 'மேனி' என்பர். விளம்பரம் எழுதினால் 'சருமம்' என்பர். மாட்டுக்கும் செருப்புக்கும் பறைக்கும் மட்டுமே 'தோல்' என்பதை ஒதுக்கி வைப்பர். பதுளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் ஹாலி-எலவிலும் ஹப்புத்தளையிலும் உள்ள தோட்டத்து மக்களோ மனிதருக்கும் மாட்டுக்கும் வாழைப்பழத்துக்கும் அந்த ஒரு சொல்லையே ஆள்கின்றனர். எவர் வழக்கு பழையது? எவர் வழக்கு தமிழின் இயல்பொடு பட்டது? விடையிறுக்கு முன், பிறமொழியாளர் தம் தோற்சொல்லை ஆராய்ந்த முறையைச் சிறிது நோக்குதல் நன்று.

1. ஜேர்மன் மொழி தரும் பாடம்

ஜேர்மன் மொழியில் தோலுக்குப் பெயர் 'ஹவுட்'. அதன் பழைய வடிவம் 'ஹூட்'. ஆங்கிலத்தில் விலங்கின் தோலைக் குறிக்கும் 'ஹைட்' இதன் உடன்பிறப்பு. இலத்தீனில் தோலைக் குறிக்கும் 'குட்டிஸ்' என்பதும் இதற்கு உறவே. செவிக்கு ஹவுட்டும் குட்டிஸும் ஒன்றையொன்று ஒவ்வா. ஆயினும் அவை ஒரு வேரினவென்று துணிந்து கூறலாம். இலத்தீனில் ககரம் வருமிடத்து ஜேர்மனில் ஹகரம் வருதல் ஒரு சொல்லில் மட்டும் காணும் தற்செயலன்று. கொம்பு அங்கே 'கோர்னு', இங்கே 'ஹோர்ன்'. நூறு அங்கே 'கெந்தும்', இங்கே 'ஹுண்டெர்ட்'. நாய் அங்கே 'கனிஸ்', இங்கே 'ஹுண்ட்'. இவ்வொழுங்கைத் தம் இலக்கண நூலின் 1822ஆம் ஆண்டுப் பதிப்பில் யாக்கோப் கிரிம் விளக்கினார். அன்று முதல் சொல்லாராய்ச்சி என்பது ஒலியொழுங்கை நிறுவும் அறிவியலாயிற்று.

ஒத்த ஒலியே உறவுக்குச் சான்றாகாது என்பது இதன் மறுபக்கம். உடைமையைக் குறிக்கும் இலத்தீன் வினை 'ஹபேரே'. அதே பொருளில் வரும் ஜேர்மன் வினை 'ஹாபென்'. ஒலியும் பொருளும் ஒத்தும் இவையிரண்டும் ஒரு வேரின அல்ல. இப்பாடத்தைப் படியாதார் நம்மிடையே மிகுதி. நாளை ஒருவர் எழுந்து, 'ஹவுட்' என்பது சங்கத் தமிழின் 'அதள்' என்பதன் திரிபே என்று முழங்கினும் வியப்பதற்கில்லை. கைதட்டவும் ஒரு கூட்டம் கிடைக்கும். உலகத்துச் சொல்லெல்லாம் தமிழின் பிள்ளைகள் என்பாரும், தமிழ்ச் சொல்லெல்லாம் வடமொழியின் பிள்ளைகள் என்பாரும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரு திறத்தாரும் ஏட்டில் கண்ட ஒலியைக் கொண்டு வழக்குரைப்பர். சொல்லை வழங்கும் வாயருகே சென்று கேளார்.

ஹவுட்டின் பொருள் வரலாறும் நமக்குப் பயன்படுவது. அதன் வேர்ப்பொருள் 'மூடுதல்', 'போர்த்தல்' என்பர். தோல் என்பது உடலை மூடிக் காப்பது என்ற நோக்கில் எழுந்த பெயர் அது. வேறு சில தோற்சொற்கள் நேர்மாறான நோக்கில் எழுந்தவை. வடமொழியின் 'சர்மன்' அறுத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்ததென்பது பெரும்பாலோர் கொள்கை. அறுத்தெடுக்கப்படுவது ஆதலின் அப்பெயர். ஆக, தோலுக்குப் பெயரிட்ட மனிதன் இரண்டு இடங்களில் நின்று நோக்கியிருக்கின்றான். உள்ளே நின்று நோக்கியவனுக்கு அது போர்வை. கத்தியோடு வெளியே நின்று நோக்கியவனுக்கு அது உரிபொருள். இவ்விரு நோக்கையும் வாசகர் மனத்திற் கொள்க. இக்கட்டுரை முழுவதற்கும் இவ்வேறுபாடே அச்சாகும்.

இன்னுமொன்று. ஜேர்மானியர் நேர்மையான மனிதனை 'நேர்மையான தோல்' என்று அன்போடு சுட்டுவர். சினத்தால் நிலைதப்பியவனைத் 'தோலைவிட்டுப் பாய்ந்தான்' என்பர். மனிதனையே தோல் என்று அழைப்பதில் அவர்க்கு இழிவு தோன்றவில்லை. நமக்கு மட்டும் தோன்றியது எதனால்?

2. தமிழில் தோல்

தோல் என்பது திராவிட மொழிகளுக்குப் பொதுவான சொல். மலையாளத்தில் 'தோல்', தெலுங்கில் 'தோலு', கன்னடத்தில் 'தொகலு', 'தொவலு'. இதற்குப் பெரிய சான்று தேட வேண்டா. தோலில் உருவெட்டி விளக்கொளியில் ஆட்டும் கூத்தின் பெயர்களே போதும். தமிழில் தோற்பாவைக் கூத்து, மலையாளத்தில் தோல்பாவக்கூத்து, தெலுங்கில் தோலு பொம்மலாட்டம், கன்னடத்தில் தொகலு கொம்பெயாட்டம். கன்னடத்தில் நிற்கும் நடுமெய் தமிழில் தேய்ந்து நெடிலாயிற்று எனக் கொள்ளலாம். பொழுது 'போது' ஆனதும், பெயர் 'பேர்' ஆனதும், அகப்பை 'ஆப்பை' ஆனதும் நாம் அறிந்தவையே.

தோலுக்கு இனமாகத் தமிழில் 'தொலி' உண்டு. தொலித்தல் என்பது தானியத்தின் உமியை நீக்குதல். தோலைக் குறிக்கும் 'உரி', 'உரிவை' என்பன உரித்தல் என்னும் வினையொடு பிறந்தவை. வெளியே நின்று நோக்கும் நோக்கு இவற்றிற் புலப்படுகின்றது. மறுபுறம், சங்கச் செய்யுட்களில் 'தோல்' என்பதற்குக் கேடகம் என்னும் பொருள் பயின்று வருகின்றது. வேலையும் அம்பையும் தாங்கி வீரனின் உயிரைக் காத்தது தோல். உள்ளே நின்று நோக்கும் நோக்கு இது. யானைக்கும், கொல்லன் உலைத்துருத்திக்கும் தோல் என்றே பெயர் வழங்கியது. இவற்றினும் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் நூலுக்குரிய வனப்புகள் எட்டினைக் கூறுகின்றது. அவற்றுள் ஒன்றன் பெயர் 'தோல்'. இனிய மொழியால் உயர்ந்த பொருளைச் சொல்லும் செய்யுளும், பரந்த மொழியால் அடி நீண்டு நடக்கும் செய்யுளும் அப்பெயர் பெறும். காப்பிய நடையொன்றுக்கே தோல் என்று பெயரிட்ட ஆசிரியர்க்கு அச்சொல்லை நாவால் தொடுதற்குக் கூச்சமிருந்திருக்க முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'தோல்வி' என்பதைத் தோலோடு பொருத்தி, தோற்றவன் தோலுரிக்கப்பட்டவன் என்று பொருளுரைப்பார் எவரேனும் தோன்றலாம். தோற்றல் வேறு வினை. அதன் வேர் வேறு. எழுத்து ஒன்றாயினும் உறவு இல்லை. 'தோலா நாவினர்' என்னும் தொடரில் வருவது தோற்காமை, தோலின்மை அன்று. முன்னர்க் கூறிய ஜேர்மன் பாடத்தை நம் வீட்டிலேயே பயில இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

3. சருமத்துள் ஒளிந்தோர்

இவ்வளவு மதிப்போடு வாழ்ந்த சொல் தாழ்ந்தது எங்ஙனம்? சொல் தானாகத் தாழவில்லை. தோலைத் தொட்டுப் பதப்படுத்தியவரையும், தோலை முழக்கியவரையும் சமூகம் தாழ்த்திற்று. அவர் கையிலிருந்த சொல்லும் அவரோடு சேரிக்குப் போயிற்று. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்குமுரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்தது. புறநானூற்றின் 335ஆம் செய்யுள் தோற்கருவியாற் பெயர் பெற்ற குடிகளைப் பெருமையோடு சுட்டிற்று. பின்னாளில் அதே கருவியின் பெயர் வசையாயிற்று. யானையின் தோலைப் போர்த்த இறைவனைக் கருவறையில் வைத்து வணங்கிய கைகள், மாட்டின் தோலைப் பதமிட்டவனை மதிலுக்கு வெளியே நிறுத்தின. தவிலும் மிருதங்கமும் தோலின்றி ஒலிப்பனவல்ல. மிருதங்கத்துக்குத் தோல் கட்டும் கைவினைஞரைப் பற்றி டி. எம். கிருஷ்ணா ஒரு நூல் எழுத 2020ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முழங்குபவரைப் புகழ்ந்த மன்றம், முழக்கத்தைச் செய்து கொடுத்தவரைக் கேட்டறியவில்லை.

இனிச் 'சருமம்' என்று நாகரிகம் பேசுவோரிடம் வருவோம். தோல் என்பதில் சேரி மணக்கின்றது என்று அஞ்சி அவர்கள் வடமொழிக்குள் ஓடினர். ஓடிச் சேர்ந்த இடம் எது? 'சர்மன்' என்பது வடமொழியில் உரித்த தோலையும் பதமிட்ட தோலையும் சிறப்பாகக் குறிக்கும் சொல். தோல்தொழில் செய்வோரை அம்மொழி 'சர்மகார' என்றது. வடநாட்டில் தீண்டாமையால் நசுக்கப்பட்ட பெருஞ்சமூகம் ஒன்றின் பெயர் அதிலிருந்தே பிறந்தது. தோற்கடையினின்று தப்பியதாக எண்ணி மற்றொரு தோற்கடைக்குள்ளேயே புகுந்திருக்கின்றனர் நம் நாகரிகர்! உயிருள்ள உடலின் தோலைக் குறிக்க வடமொழியில் 'த்வக்' என்னும் வேறு சொல் உண்டு. அது 'தொக்கு' என்று நம் சைவ சாத்திரங்களிலும் புகுந்தது. அழகுக் களிம்பு விற்போர் அதனை அறியார் போலும்.

பதுளைக் கடைவீதியில் இவ்வாதம் இன்னும் சுவையாக விளங்கும். சிங்கள மக்கள் தோலை 'ஹம' என்பர். பாளியில் 'சம்ம', வடமொழியில் 'சர்மன்' என நின்ற அதே சொல் காலப்போக்கில் 'ஹம' ஆயிற்று. சிங்களக் கிழவி தன் கைத்தோலையும் மாட்டுத் தோலையும் அச்சொல்லாலேயே கூறுவாள், கூசமாட்டாள். அவள் வாயில் எளிமையாய் நிற்கும் சொல்லின் மறுவடிவமே நம்மவர் வாயில் 'சருமம்' எனப் பகட்டாய் நிற்கின்றது. உயர்வும் தாழ்வும் ஒலியில் இல்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

4. மலைச்சரிவில் ஒரு தோல்

ஊவாவின் தேயிலைச் சரிவுகளில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும். கொழுந்தின் நீரை வற்றச் செய்து, ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணத்தையும் விலையையும் தருவது அக்காற்று. கொழுந்தின் மணத்தைக் கூட்டும் காற்றே கொழுந்து கொய்பவளின் உதட்டையும் புறங்கையையும் வெடிக்கச் செய்கின்றது. தேயிலைச் சாறு ஊறி அவள் விரல்நுனி கறுக்கின்றது. மழைக்காலத்தில் அட்டை அவள் காலில் குருதி குடிக்கின்றது. ஈரச்செடி உடலைக் கிழியாதிருக்க அவள் இடுப்பிற் சுற்றும் சாக்குச்சீலைக்குப் பெயர் 'படங்கு'. கூடாரச் சீலையையும் பாய்மரச் சீலையையும் குறித்துப் பழைய நூல்களில் வழங்கிய சொல் அது. நூலோர் மறந்த சொல்லைத் தோட்டத்துப் பெண் இடுப்பிற் கட்டிக் காப்பாற்றியிருக்கின்றாள். படங்கு அவளுக்கு இரண்டாவது தோல்.

தோட்டத்தில் தோலுக்கு ஒரு குரலும் இருந்தது. அதுவே தப்பு. விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்தது அது, காமன் கூத்தில் ஆடியது, திருவிழாவில் முன்சென்றது, இறந்தவரோடு சுடலை வரை நடந்தது. தீயிற் காய்ச்சித் தோலை முறுக்கேற்றும்போது அதன் ஒலி எந்நிலையில் இருக்க வேண்டுமென்பதைக் காதால் அறிந்த கலைஞர்க்கு நம் இசைநூல்களில் இடமில்லை. தப்பை மேடையேற்றிப் போற்றுவோம் என்று இன்று சிலர் முன்வருவது நன்றே. ஆயின், பிறப்பைக் காட்டி ஒருவர் தோளில் அதைக் கட்டாயமாக மாட்டிய வழக்கம் இன்னும் முற்ற ஒழியவில்லை. 'எங்கள் பிள்ளைகள் இதைத் தொடமாட்டார்கள்' என்று சொல்லும் தந்தையரைக் கலைப்பகைவர் என்று ஏசுதல் அறமன்று. அவர் மறுப்பது கலையையன்று, இழிவை. இழிவை நீக்கிய பின்னரே கலையைப் பற்றி அவரிடம் பேச நமக்கு வாயுண்டு.

வெளியே நின்று தோலை நோக்கும் பார்வை தோட்டத்து மக்கள்மீதும் விழுந்தது. தோலிருக்கச் சுளை விழுங்கும் வித்தையைப் பெருந்தோட்டப் பொருளாதாரம் போலத் தேர்ந்து பயின்றது பிறிதில்லை. உழைப்பாகிய சுளை கப்பலேறிற்று. தோல் லயத்திற் கிடந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்தம் அரசியற் போர்வையை உரித்தது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் இரு நாட்டுத் தலைவர்கள் கூடி 5,25,000 பேரை அங்கும் 3,00,000 பேரை இங்கும் எனக் கணக்கிட்டனர். எஞ்சியோரைப் பற்றிப் பின்னர்ப் பேசலாமென்று ஒதுக்கினர். இந்திய வம்சாவளியினருக்கான பிரசாவுரிமைச் சட்டம் வந்தது 2003ஆம் ஆண்டில். உரிக்கப்பட்ட போர்வை மீள அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

5. அகராதிக்கு வெளியே

இவ்வளவிலும் தமிழ்ப் புலமை என் செய்தது? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. நூற்றெட்டு வகையில் போற்றத்தக்க பணி அது. திருநெல்வேலி வழக்குக்கு அதில் ஒரு குறியீடு உண்டு. யாழ்ப்பாண வழக்குக்கு ஒரு குறியீடு உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்து வழக்குக்கு அங்ஙனம் ஒரு குறியீடு இல்லை. அந்நாளிற் பல இலட்சம் தமிழர் இம்மலைகளில் வாழ்ந்திருந்தனர் என்பதை நினைவிற் கொள்க.

மலைமக்கள் பேச்சு ஆராய்ச்சிக்கு உதவாது என்பாரும் உளர். அவர்க்கு விடை நீலகிரியில் இருக்கின்றது. மறே எமனோ 1935ஆம் ஆண்டு முதல் மூன்றாண்டுகள் தென்னாட்டில் தங்கி, எழுத்தில்லாத தோடர், கோத்தர் முதலியோரின் மொழிகளைக் கேட்டுப் பதிந்தார். பரோவும் அவரும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதிக்கு அம்மலைமொழிகள் வலிய தூண்களாயின. ஜேர்மன் நாட்டிலும் இவ்வாறே. கூடை முடைபவரின் மகனாகிய ஷ்மெல்லர், பவேரிய உழவர் பேச்சைத் தொகுத்து 1827 முதல் 1837 வரை அகராதியாக்கினார். தந்தையின் தொழிலும் அயலாரின் பேச்சும் அவருக்கு நாணத்தைத் தரவில்லை, நூலைத் தந்தன.

'தோட்டத்துத் தமிழ் கலப்படம். பெரட்டு என்பது ஆங்கிலத்து "பரேட்" அன்றோ?' என்று மறுப்பர் சிலர். ஆம், அன்றென்பார் யார்? இன்று ஆங்கிலேயர் தம் உடற்றோலைச் சுட்டும் 'ஸ்கின்' என்பதே வடபுலத்துக் கடலோடிகளிடம் அவர் பெற்ற கடன். சொந்தச் சொல்லாகிய 'ஹைட்' விலங்குக்கு ஒதுங்கிற்று. அதனால் ஆங்கிலம் கலப்படமென்று எவரும் அதனைப் பல்கலைக்கழகத்தினின்று விலக்கவில்லை. கடன்சொல் ஒரு மக்களின் வரலாற்றுச் சுவடு. பெரட்டு என்ற ஒரு சொல்லில் விடியற்குளிரும் வரிசையும் ஆளெண்ணிக்கையும் அதிகாரமும் அடங்கிக் கிடக்கின்றன. அதனைத் திருத்தி 'அணிவகுப்பு' என்றெழுதுவோர் வரலாற்றை அழிக்கின்றனர்.

தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர் முதலாண்டில் முதலாவதாகக் கற்பது எப்பாடம் என்பதை ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்கட்டும். வாய்திறக்கும்போதே தம் பேச்சைக் களைந்து வைக்க அவர் கற்கின்றார். 'தோட்டக்காட்டான்' என்னும் வசை உரத்து ஒலிப்பது இன்று குறைந்திருக்கலாம். புன்னகையாக அது இன்னும் விரிவுரை மண்டபங்களில் உலவுகின்றது. தாயின் பேச்சு ஒருவர்க்குப் போர்வை. அதனை உரித்தெடுத்துத் 'திருந்திய தமிழ்' என்னும் ஆடை தருவதைக் கல்வி என்று பெயரிடுவது தகுமோ? ஆடை வேண்டுவதே, எழுத்துத் தமிழை எல்லாரும் கற்கட்டும். ஆடை அணிவதற்குத் தோலை உரித்தல் வேண்டுமென்று எந்த நூல் விதித்தது?

6. செய்யத்தக்கது

வாதம் வாதத்தோடு நிற்றல் கூடாது. மலைநாட்டு வாய்மொழிப் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தார், சாரல்நாடன் அப்பணியை முன்னெடுத்தார். பாடல்களுக்குக் கிடைத்த அக்கவனம் தனிச்சொற்களுக்கும் கிடைத்தல் வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு விழாவுக்குச் செலவிடும் பொருளில் ஒரு பகுதி போதும். விடுமுறையில் வீடு செல்லும் ஊவா மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டோடு செல்லட்டும். பழத்தின் மேலுறையைத் தோல் என்பார் எந்த லயத்தில், தொலி என்பார் எந்த லயத்தில்? அவர்தம் முன்னோர் திருச்சியிலிருந்து வந்தனரா, சேலத்திலிருந்தா, இராமநாதபுரத்திலிருந்தா? தப்பின் உறுப்புகளுக்கும் அடிகளுக்கும் பெயர் என்ன? கவ்வாத்துக் கத்தியால் கை வெட்டுண்டால் அப்புண்ணின் நிலைகளைக் கிழவியர் எச்சொற்களாற் பிரித்துரைப்பர்? குளிரில் வெடித்த தோலுக்கு ஒரு பெயர், வெயிலிற் கறுத்த தோலுக்கு ஒரு பெயர் உண்டா? இவற்றிற்கு விடை நூலகத்தில் இல்லை, பாட்டியரிடம் இருக்கின்றது. அவர் நெடுநாள் காத்திரார்.

இதனை இரக்கமாகவோ கொடையாகவோ எவரும் செய்தல் வேண்டா. தமிழின் சொல்வரலாற்றை உண்மையாக எழுத விரும்புவோர்க்கு இது கடமை. தொல்காப்பியர் காப்பிய வனப்புக்கு இட்ட பெயரை, வீரன் தன் கேடகத்துக்கு இட்ட பெயரை, கூச்சமின்றி இன்றும் தன் கைக்கு இட்டு வழங்குபவள் நமுனுகலைச் சரிவில் கொழுந்து கொய்யும் பெண். அவள் வழக்கே பழந்தமிழ் வழக்கு. அவளிடமிருந்து கற்க நாணும் புலமை எத்துணைப் பட்டம் பெறினும் தோல் போர்த்த புலமையே. உள்ளே சுளை இராது.